சொட்டவாளை கரண்ட்ல பேசுதா? மன்னார்குடியிலேருந்து கேக்குறேன்

மே 27, ராத்திரி 10:40

கேள்வின்னு வச்சுக்குங்க, இல்ல நான் கண்டுபுடிச்சதுன்னே வச்சுக்குங்க. நம்ம சொட்டவாளை மீனு கரண்ட் உடுது. ஆறு காஞ்சு கெடக்கு, பாமணி ஆத்து மதகுக்குக் கீழ தேங்கி நிக்கிற மடுவுல பயலுக ஊத்தா (மீன் புடிக்கிற கூடை) போட்டு கலக்கிட்டு இருந்தானுங்க, முழங்கை நீளத்துக்கு ஒண்ணு மாட்டுச்சு, கொழம்புக்குப் போறதுக்கு முன்னாடி கெஞ்சி வாங்கிட்டு வந்து பட்டறையில பெரிய பெயிண்ட் டப்பாவுல உட்டேன். நான் மோட்டார் காயில் கட்டுற ஆளு. பழைய டேப்ரெக்கார்டர்லேருந்து கழட்டுன ஆம்ப்ளிபயர் ஒண்ணு சும்மா கெடந்துச்சு, டார்ச் பேட்டரிய ஒடச்சு கார்பன் குச்சி ரெண்டு எடுத்து ஒயர் சுத்தி தண்ணிக்குள்ள எறக்குனேன். ஸ்பீக்கர்ல ம்ம்ம்ம்னு ஒரே சீரா ரீங்காரம்! மீன கைய வச்சு நகட்டுனா சத்தம் கூடுது, கைய எடுத்தா கொறையுது. தென்அமெரிக்காவுல இதே மாதிரி கத்தி உடம்பு மீனெல்லாம் கரண்ட்லயே ஜோடி சேருதுன்னு எப்பவோ படிச்சது ஞாபகம் இருக்கு. நம்ம ஊரு மீன ஏன் யாரும் கண்டுக்கல?

மே 28, காலை 7:05

பம்ப்செட் சத்தமா இருக்கும்னு ஒருத்தர் எழுதிருக்காரு. அண்ணே, இருவது வருசமா மோட்டாரோட குடும்பம் நடத்துறேன். மோட்டார் எரைச்சலுக்கும் மீனுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?

மே 30, ராத்திரி 9:15

தெரியல.

நேத்து சாயங்காலம் கரண்ட் போச்சு. ஆம்ப்ளிபயர் ஒம்பது வோல்ட் பேட்டரில ஓடுறதால அது பாட்டுக்கு ஓடுச்சு, ஆனா ரீங்காரம் பட்டுன்னு நின்னுடுச்சு. மீனு செத்துப் போச்சோன்னு டார்ச் அடிச்சுப் பாக்குறேன், நல்லா செவுள அசைச்சுக்கிட்டு நிக்குது. முக்கா மணி நேரம் கழிச்சு கரண்ட் வந்துச்சு, மீனும் "பேச" ஆரம்பிச்சுடுச்சு. அப்பவே வயித்துல புளியக் கரைச்சுது. மீன எடுத்துட்டு வெறும் தண்ணில வச்சேன், வெறும் தண்ணியும் பேசுது. எல்லாம் நம்ம லைன் கரண்டோட 50 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 50 துடிப்பு. கைய வச்சப்ப கூடுனதுக்குக் காரணம் என் ஒடம்பே ஏரியலா வேல செஞ்சதுதான். பம்ப்செட் அண்ணன்கிட்ட மன்னிப்பு.

மீனு கொழம்பாயிடுச்சு. முள்ளுன்னா முள்ளு.

ஜூன் 2, மதியம்

மானம் போனது போனதா இருக்கட்டும், விசயத்தயாவது ஒழுங்கா தெரிஞ்சுக்குவோம்னு மூணு நாளா படிச்சேன். சொட்டவாளைக்கு கரண்ட் உடுற உறுப்பே கெடையாது. அது மட்டும் இல்ல, கரண்ட உணர்ற உறுப்பும் கெடையாது. அதோட ஆப்பிரிக்க சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கான், ஜெனோமிஸ்டஸ்னு பேரு, அவனுக்கு உணர்ற உறுப்பு உண்டு, உடுறது இல்ல. நம்மாளு சுத்தமா ரெண்டும் இல்லாதவன். உருவத்தப் பாத்து ஏமாந்தது நான்.

உருவம் ஏன் ஒத்துப்போகுதுன்னு பாத்தா அங்க ஒரு நல்ல கத. கேம்பிரிட்ஜ்ல லிஸ்மன்னு ஒரு விஞ்ஞானி, ஜிம்னார்க்கஸ்னு ஆப்பிரிக்க மீன் ஒண்ணப் பாத்துக்கிட்டே இருந்திருக்காரு, அது பின்பக்கமாவே நீந்துது, ஆனா எங்கயும் போய் முட்ட மாட்டேங்குது. தண்ணில ஒயர உட்டுப் பாத்தா வாலுலேருந்து நிக்காம சிக்னல். 1951ல எழுதுனாரு. (நானும் அதே ஒயரத்தான் உட்டேன், மீன மாத்திட்டேன்.) தன்னச் சுத்தி ஒரு மின்புலத்தப் போட்டுக்கிட்டு, அது எங்க நெளியுது எங்க அமுங்குதுன்னு தோலுல இருக்குற உணரிகளால படிச்சு, இருட்டுல கல்லு எது செடி எது எரை எதுன்னு கண்டுபுடிக்குது. ஒடம்ப வளைச்சா புலமும் கோணிக்கும், படிக்கிறது கொழம்பும். அதனால முதுக நேரா வச்சுக்கிட்டு நீளத் துடுப்ப மட்டும் அலை மாதிரி ஆட்டிப் போகுதுன்னு சொல்றாங்க. அந்த உறுப்பே பெரும்பாலும் தசை மாறி வந்ததுதான். டார்வின் இது எப்புடி வந்துச்சுன்னு 1859லயே தலையச் சொறிஞ்சிருக்காரு.

கலங்கல் தண்ணி, ராத்திரி, கண்ணு தெரியாது. அதே கரண்ட்தான் கண்ணு, அதே கரண்ட்தான் வாயி. ஜோடி சேர்ற பேச்சு முழுக்க அதுலதான்.

ஜூன் 8, ராத்திரி 11:50

வாங்கிட்டேன். சென்னைக்கு காப்பர் ஒயர் எடுக்கப் போனவன் கொளத்தூர் மீன் கடைத் தெருவுக்குள்ள புகுந்துட்டேன். பிளாக் கோஸ்ட், கறுப்பா வாலுல ரெண்டு வெள்ள வளையத்தோட இருக்குமே அது. அப்டெரோனோட்டஸ் அல்பிஃப்ரான்ஸ். அமேசான் பக்கத்து மீனு, ராத்திரி பஸ்ல காத்தடிச்ச கவர்ல என் மடியில உக்காந்து மன்னார்குடி வந்துச்சு. வெலய வீட்டுல சொல்லல, இஞ்சயும் சொல்ல மாட்டேன்.

கரண்ட் கட்டுக்காகக் காத்திருந்தேன். வாழ்க்கைல மொத தடவ கரண்ட் எப்ப போகும்னு ஏங்குனது. ஒம்பதரைக்குப் போச்சு, ஒயர எறக்குனேன், ஸ்பீக்கர்ல நீளமா ஒரு விசில். அறுபடவே இல்ல, மூச்சு வாங்கல. மாமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்கிட்ட வச்சேன், அவரு நாதஸ்வரக்காரரு, கலியாண சீசன் முடிஞ்சு வீட்டுலதான் இருந்தாரு.

"யாருடா மாப்ள ஒத்து ஊதுறது?"
"மீனு மாமா."
"ஏழு கட்டை, மேல் ஸ்தாயி. சுருதி வெலகவே மாட்டேங்குதே, எந்தப் பய இவ்வளவு நேரம் ஊதுறான்?"
"மீனுன்னு சொன்னேன்ல."
"தூங்குடா போயி."

காதுக்கு ஏழு கட்டைன்னு அவரு சொன்னது போன் ஆப்புல 985 ஹெர்ட்ஸ்னு வந்துச்சு. ஏழு கட்டை மேல் ஸ்தாயி 988. மனுசன் ஆப்பு இல்லாமயே மூணு ஹெர்ட்ஸுக்குள்ள சொல்லிட்டாரு. சுருதி வெலகாததுக்குக் காரணம் மூளைக்கு அடியில தாளம் தட்டுற ஒரு சின்ன நரம்புக் கூட்டம், உசுருள்ளதுல நாம அளந்து பாத்த தாளங்கள்ல இவ்வளவு துல்லியமானது ரொம்பக் கம்மி.

ஜூன் 9

வெலகாதுன்னு எழுதுனேன்ல, மதியம் 1140ல நிக்குது. தண்ணி காலைல 27 டிகிரி, இப்ப 31. சூடு ஏறுனா சுருதி ஏறும், ஒரு செகண்டுக்கும் அடுத்த செகண்டுக்கும் வெலகாது, அவ்வளவுதான். மாமாட்ட சொன்னா "வெயில்ல நாயனமும் அப்புடித்தான்"னாரு. அவரு இன்னும் நம்பல.

ஜூன் 17, ராத்திரி

ஜோடி சேர்றதப் பத்தி ஜூன் 2ல ஒரு வரி எழுதுனதோட விட்டுட்டேன், பதினஞ்சு நாளாச்சு.

இதுல ரெண்டு சாதி. ஒண்ணு தட்டித் தட்டி உடுறது, டொக் டொக் டொக்னு, தவில் மாதிரி. இன்னொண்ணு அறுபடாம இழுக்குறது, நாதஸ்வரத்துக்குச் சுருதி புடிக்கிற ஒத்து மாதிரி, என் மீனு இது. ஒத்து சாதில ஆளாளுக்கு ஒரு சுருதி. ஹாப்கின்ஸ்னு அமெரிக்கக்காரரு 1970கள் தொடக்கத்துல கயானாவுல ஓடை ஓடையா ஒயர் போட்டு ஸ்டெர்னோபைகஸ்னு ஒரு மீனக் கேட்டாரு. வயசுக்கு வந்த ஆணு 50லேருந்து 90 ஹெர்ட்ஸ், பொண்ணு 100லேருந்து 150. கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி வித்தியாசம். பொண்ணு அந்தப் பக்கமாப் போனா ஆணு தன் ஒத்த நடுவுல நிறுத்துறான், திடீர்னு ஏத்துறான், மறுபடி நிறுத்துறான். அவரு பொண்ணுத் தண்ணியோட சுருதிய மெசின்லேருந்து உட்டா அதுக்கும் அதே ஆட்டம். ஆணோட சுருதிய உட்டா கண்டுக்கல. அதாவது மூஞ்சி வேணாம், வாசம் வேணாம், அந்த ஒரு எண்ணு போதும்.

(அந்த மீனு நம்ம ஊர்ல இருந்தா ஆம்பள பூரா 50 ஹெர்ட்ஸ்ல இ.பி. லைனோட மாட்டிக்கிட்டு முழிச்சிருப்பான்.)

ஐஜென்மேனியான்னு இன்னொண்ணு, கண்ணாடி மாதிரி ஒடம்பு. அதுல ஆணு மணிக்கணக்கா "சிர்ப்" போடும், ஒத்து நடுவுல நொடிக்குள்ள ஒரு வெட்டு, நாதஸ்வரத்துல துத்துகாரம் போட்டு அறுக்குற மாதிரி. ஹேகடார்ன், ஹைலிகன்பெர்க்னு ரெண்டு பேரு 1985ல எழுதுனாங்க: முட்ட நெறஞ்ச பொண்ணு இருக்குற தொட்டில ஆணே இல்லாம, பதிவு பண்ணுன சிர்ப்ப மட்டும் போட்டா அது முட்ட உடுது. டேப்ப கேட்டு! எங்க வீட்டுல இதப் படிச்சுக் காட்டுனேன், "நேர்ல இருந்து பேசுறவனுக்கே இஞ்ச மதிப்பு இல்ல"ன்னு தோசயத் திருப்பிட்டாங்க.

ஜூன் 17, இன்னும் கொஞ்சம்

தூக்கம் வரல. ஒரு சந்தேகம் மேல வந்திருக்கு, ஒரே சுருதில ரெண்டு மீனு வந்துட்டா என்னாவும்னு. ரெண்டு நாயனம் லேசா சேராம ஊதுனா "வ்வா வ்வா வ்வா"ன்னு ஒரு அலை வருமே, அதே அலை தண்ணிலயும் வரும். வித்தியாசம் நாலஞ்சு ஹெர்ட்ஸா இருந்தா அந்த அலைல மீனுக்குக் கண்ணு கட்டுன மாதிரி ஆயிடும். அதனால ரெண்டும் தள்ளிப் போய்க்கும். 1963ல வத்தனபே, தக்கேதான்னு ரெண்டு ஜப்பான்காரங்க கண்டது. எதுக்கால ஊதுறவன் கீழ இருக்கானா மேல இருக்கானான்னு மீனுக்கு எப்புடித் தெரியுதுன்னு நரம்பு நரம்பா தேடுனவரு மேல சொன்ன ஹைலிகன்பெர்க்தான். 1994ல விமான விபத்துல போயிட்டாரு.

எங்க ஊர்ல ரெண்டு செட்டு நாயனம் பக்கத்துப் பக்கத்துத் தெருவுல ஊர்வலம் வந்தா இவ்வளவு மரியாத கெடையாது.

ஜூன் 19

திருத்தம். "ஆணுக்குக் கட்டை சுருதி, பொண்ணுக்கு உச்சம்"னு நான் எழுதுனத வச்சு ஒரு தம்பி உங்க மீனு பொண்ணுதான்னு ஜோசியம் சொல்லிட்டாரு. எல்லாச் சாதிக்கும் அப்புடி இல்ல தம்பி. என் மீனுக்கு ஒண்ணுவிட்ட பங்காளி ஒருத்தன், அப்டெரோனோட்டஸ் லெப்டோரிங்கஸ், அவன்ல ஆணுதான் உச்சம். என்னோடதுல தலைகீழ், பொண்ணு உச்சம். ஒரே குடும்பம், ஒரே ஆண் ஹார்மோன், ஒருத்தனுக்கு ஏத்துது, ஒருத்தனுக்கு எறக்குது. என் மீனு 985. ஒரே ஒரு மீன வச்சுக்கிட்டு உச்சமா கட்டையான்னு எதோட ஒப்பிடுறது? ஆணா பொண்ணான்னு இன்னும் தெரியாது. பேரும் வைக்கல.

அப்புறம் "பொண்ணுத் தண்ணியோட சுருதி"ன்னு எழுதிருக்கேன், பொண்ணோட சுருதின்னு படிங்க. தூக்கக் கலக்கம்.

ஜூன் 24

தண்ணி வந்துடுச்சு! மேட்டூர் 12ந் தேதி தெறந்தாங்க, கல்லணை தாண்டி நம்ம வாய்க்கா வாயில எட்டிப் பாக்க இன்னிக்குத்தான் ஆச்சு. நுரையும் குப்பையுமா செவப்புத் தண்ணி, பின்னாடியே பயலுக ஊத்தாவோட. புதுத் தண்ணி வாசம் புடிச்சு கெண்டையும் கெளுத்தியும் எதுத்து ஏறும்ல, சின்ன வயசுல மடையில கைய வச்சே புடிச்சிருக்கோம்.

இத ஏன் இஞ்ச எழுதுறேன்னா அமேசான் மீனுக்கும் இதே கணக்கு. கிர்ஷ்பாம்னு ஜெர்மன்காரரு 1970கள்ல இந்தக் கரண்ட் மீனுங்கள தொட்டிலயே முட்ட வைக்க வச்சாரு. மருந்து ஊசி எதுவும் போடல, மழைக்காலத்த நடிச்சுக் காட்டுனாரு: தண்ணி மட்டத்த ஏத்துறது, மேலேருந்து மழை மாதிரி தெளிக்கிறது, முக்கியமா தண்ணில உப்ப கொறைக்கிறது. மழ பெஞ்சா ஆத்துத் தண்ணி நீர்த்துப் போகும், மின்சாரம் கடத்துறது கொறையும், மீனுக்கு "காலம் வந்துருச்சு"ன்னு ஒடம்பு சொல்லும். என் தொட்டில போர் தண்ணி, வாயில வச்சா கரிக்கும். இன்னிலேருந்து கேன் தண்ணி கலக்குறேன். வீட்டுல குடிக்கவே கேன் தண்ணிய அளந்து ஊத்துறோம்.

ஜூலை 3, ராத்திரி 12:30

செஞ்சு பாத்துட்டேன், செய்யக் கூடாதோன்னு இப்பத் தோணுது.

போன்ல டோன் போடுற ஆப்பு, ஹெட்போன் ஒயர வெட்டி நடுவுல ரெசிஸ்டர் வச்சு கார்பன் குச்சில குடுத்தேன். மீனு 1010ல ஊதிக்கிட்டு இருந்துச்சு. நான் 1005 உட்டேன். கொஞ்ச நேரத்துல 1013க்கு நகந்துச்சு, நான் ஏத்துனா அதுவும் ஏறுது. (ஐஜென்மேனியா மேலயும் போகும் கீழயும் போகும், இந்தக் குடும்பம் மேல மட்டும்தான் ஒதுங்கும்.) அப்புறம் மூங்கில் கொழாய உட்டு வெளிய வந்து குச்சிகிட்ட வந்துச்சு. சுத்திச் சுத்தி வருது, வாலால தடவுது, பின்னாடியே போய் மறுபடி வருது. அப்ப ஸ்பீக்கர்ல விசில் நடுவுல "ட்யூக்"னு ஒண்ணு. கொஞ்சம் கழிச்சு இன்னொண்ணு. சுருதி விருட்டுன்னு மேல போய் எறங்குற மாதிரி.

சிர்ப்! இருவது நிமிசத்துல பதினோரு தடவ. கையெல்லாம் நடுங்குது எனக்கு.

ஜூலை 4, காலை

ராத்திரி ஆட்டம் காலைல அடங்கிருச்சு. அது காதல்னு நான் எப்புடிச் சொல்ல முடியும்? இந்த மீனுங்க சண்டைக்கும் சிர்ப் போடும், யாரோ எடத்துக்குள்ள பூந்துட்டான்னும் போடும். குட்டி சிர்ப்பு ஒரு மாதிரி, பெரிய சிர்ப்பு ஒரு மாதிரி, எந்த நேரத்துல எதப் போடுதுங்குறதுலதான் விசயம். 2018ல ஒரு கூட்டம் பனாமா காட்டு ஓடைல ஒயர வரிசையா நட்டு ராவும் பகலும் பதிவு பண்ணுன கட்டுரை வந்துச்சு, தொட்டில பாத்ததுக்கும் ஓடைல நடக்குறதுக்கும் நெறைய எடத்துல ஒத்துப்போகல. விஞ்ஞானிங்க தொட்டியே ஓடையோட ஒத்துப்போகாதப்ப என் தொட்டியும் வெட்டுன ஹெட்போனும் எம்மாத்திரம்?

இன்னொரு நெனப்பும் உறுத்துது. ஊர்ல தன் சாதியே இல்லாத ஒண்ணு, கார்பன் குச்சியச் சுத்தி ராத்திரி பூரா வந்துச்சு. ஆப்ப அழிச்சுட்டேன்.

ஜூலை 5

திரும்ப ஏத்திக்கிட்டேன். வாரத்துல ஒரு நாள் மட்டும்.

ஜூலை 9

தவில் சாதி பத்திக் கேட்டிருந்தாங்க. ஆப்பிரிக்காவுல மார்மிரிட்னு ஒரு பெரிய குடும்பம், யானைமூக்கு மீனுன்னு கடைல விக்கிறாங்களே அது இதுலதான். ஒரு தட்டு எவ்வளவு நேரம், அதோட வடிவம் என்னங்குறது சாதிக்குச் சாதி மாறும், அதான் அடையாளம். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி விடுறாங்குறதுதான் பேச்சு. ஆணு பொண்ணுகிட்ட நெருங்குறப்ப தட்டெல்லாம் நெருக்கி ட்ர்ர்ர்ருன்னு ஒரு உருட்டு உருட்டுவான், தவில்காரரு தீர்மானத்துக்குப் போற மாதிரி. சில சாதில மழைக்காலத்துல ஆணோட ஒவ்வொரு தட்டும் நீண்டு போகும். ஆண் ஹார்மோன பொண்ணுக்குக் குடுத்தா அதுவும் ஆணு மாதிரியே தட்ட ஆரம்பிக்குது, 1983ல பாத்தது.

இப்பத்தான் வம்பு. தட்டு நீண்டா அதுல கீழ் சுருதி கூடும். கெளுத்திக் குடும்பத்துல பெரும்பாலானதுக்குக் கரண்ட் உடத் தெரியாது, ஆனா கீழ் சுருதிக் கரண்ட நல்லாக் கேக்கும். ஆப்பிரிக்காவுல கெளுத்தி ஒண்ணு இந்த மீனுங்கள வேட்டையாடித் திங்குது, கல்யாணத்துக்கு ரெடியா நீட்டித் தட்டுற ஆணோட சத்தம் அதுக்குத் தெளிவாக் கேக்குதுன்னு 2000ல ரெண்டு ஜெர்மன்காரங்க காட்டுனாங்க. பொண்ணு கேக்கணும்னு உரக்கப் பேசுனா எமனும் கேட்டுருவான். தென்அமெரிக்காவுல சில மீனு இதுக்குத் தப்பிக்க தட்டோட பின்னாடி எதிர்த்தட்டு ஒண்ணு சேத்து கீழ் சுருதிய அடிச்சு அமுக்கிடுதாம், நாங்க மோட்டார்ல நாய்ஸ் அமுக்குறதுக்கு கண்டென்சர் போடுவோமே, ஏறக்குறைய அந்த வேல. இத 1999ல ஸ்டாட்டர்டுன்னு ஒருத்தரு சொன்னாரு.

அந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி யாரு தெரியுமா? கிளாரியஸ் கேரிபைனஸ். தடை போட்டும் நம்ம பக்கம் திருட்டுத்தனமா குட்டைல வளத்து கோழிக் கழிவு போட்டு விக்கிறானுங்களே, அதே ஆளு. வெள்ளத்துல தப்பிச்சு ஆத்துல கெடக்கான். பேசுற மீனு யாரும் இல்லாத ஊருக்கு ஒட்டுக் கேக்குறவன் மட்டும் வந்து சேந்திருக்கான்.

ஜூலை 12

"அப்ப நம்ம பக்கம் கரண்ட் மீனே இல்லயா"ன்னு கேட்டவருக்கு: ஆத்துல இல்ல, கடல்ல இருக்கு. தொட்டா கை மரத்துப் போற திருக்க. அதுல ஒண்ணுக்கு நார்சின் திம்லெய்னு பேரு, 1801ல புளோக், ஷ்னைடர்னு ரெண்டு ஜெர்மன் விஞ்ஞானிங்க வச்சது, மாதிரி மீனு போனது நம்ம தரங்கம்பாடிலேருந்து. அங்க இருந்த ஜான் பாதிரியாரு புளோக்குக்கு நெறைய மீனு அனுப்பிச்சவரு. திம்லெய்ங்குறது தமிழ்ப் பேரத்தான் காதுல வாங்கி எழுதுனதுன்னு எனக்குத் தோணுது, திமிலைன்னு ஏதோ இருந்திருக்கும், இது என் ஊகம். அது கரண்ட் உடுறது எரைக்கும் தற்காப்புக்கும். கடல் தண்ணி உப்பு, சுலபமா கடத்தும், அதனால செல்லுங்கள பேரலல்ல நெறையப் போட்டு ஆம்பியர் கூட்டிருக்கு. அமேசான் விலாங்கு நன்னீருல இருக்கு, சீரியல்ல ஆயிரக்கணக்குல அடுக்கி வோல்ட் கூட்டிருக்கு, 860 வோல்ட் வரைக்கும் அளந்துட்டாங்க. இத எந்த ஐ.டி.ஐ.ல படிச்சுதுங்களோ.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு, சாயங்காலம்

காதோலை கருகமணி எல்லாம் ஆத்துல விட்டுட்டு வந்தோம். வர்ற வழில மாமா மகன் தேளி நாலு குடுத்தான், உசுரோட. தேளியும் கெளுத்தி வகதான், அதுக்கும் கரண்ட் கேக்கும். (இதுக்கும் பேரு வச்சது புளோக், 1794, இதுவும் தரங்கம்பாடி மீனுதான்.)

1917ல பார்க்கர், வான் ஹூசன்னு ரெண்டு பேரு ஒரு அமெரிக்கக் கெளுத்திக்குக் கண்ணக் கட்டிட்டு கண்ணாடிக் குச்சிய கிட்ட கொண்டு போனாங்க, மேல பட்டாத்தான் அசஞ்சுது. உலோகக் குச்சிய கொண்டு போனா படுறதுக்கு முன்னாடியே சில சென்டிமீட்டர் தூரத்துலயே திரும்புச்சு. உலோகம் தண்ணில பட்டதும் உண்டாகுற சொட்டுக் கரண்ட் அது. ரெண்டு மாசத்துக்கு மேல எல்லாத்தயும் ஒட்டுக் கேட்டாச்சு, ஒட்டுக் கேக்குறவன ஒரு தடவ பாத்துருவோம்னு சிமெண்ட் தொட்டில ஒண்ண உட்டு, இருட்டுல, செவப்புத் தாள் ஒட்டுன டார்ச்சோட உக்காந்தேன். கண்ணாடிக் குச்சி இல்ல, மாமியார் வீட்டு சர்பத் கிளாஸ்ல கலக்குற குச்சி. இரும்புக்கு என் ஸ்குரூ டிரைவர்.

பத்துல ஏழு தடவ ஸ்குரூ டிரைவருக்கு மீசய மடக்கித் திரும்புச்சு. சர்பத் குச்சிக்கு ரெண்டு. ஸ்குரூ டிரைவர் தடிமன் ஜாஸ்தி, தண்ணி அலைஞ்சதால திரும்புச்சான்னு சந்தேகம் வந்துச்சு, சரி ரெண்டுக்கும் ஒரே மாதிரி சைக்கிள் டியூப் ரப்பரச் சுத்தி நுனிய மட்டும் உட்டுப் பாப்போம்னு தேளிய ஓரமா ஒதுக்க கைய உட்டேன். முள்ளு ஆள்காட்டி வெரல்ல எறங்கிருச்சு. சுடுதண்ணில கைய வச்சிக்கிட்டு எடது கையால டைப் பண்றேன், ரெண்டாவது ரவுண்டு வீக்கம் வத்துனதும். பிளாக் கோஸ்ட் ஜோடிக்கு இன்னொண்ணு யாராவது தஞ்சாவூர், கும்மோணம் பக்கம் வச்சிருந்தா சொல்லுங்க, நானே பஸ்ல வந்து வாங்கிக்கிறேன்.